எங்க 1,87,000 ரூபா போச்சு, ஜப்பான் பேக்கேஜ் எடுக்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் பணம் கட்டுங்க

இப்ப டோக்கியோல ராத்திரி ஒன்றரை மணி. உவேனோ ஸ்டேஷன் பக்கத்துல ஒரு குட்டி ரூம், மூணு பேருக்கு ரெண்டு கட்டில், அப்பா குறட்டை விடுறார், வீட்டுக்காரர் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டார், எனக்கு வயிறு எரியுது, தூக்கம் வரல. ஊருக்குப் போய் நிதானமா எழுதலாம்னுதான் நினைச்சேன். ஆறிப்போனா எழுத மாட்டேன்னு எனக்கே தெரியும், அதான் இப்பவே போன்ல டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. கடைசில நீங்க என்னென்ன பார்க்கணும்னும் சொல்றேன்.

ஏஜென்சி பேர் போடல. கம்ப்ளெயிண்ட் போயிருக்கு, இப்ப பேரைப் போட்டா அதையே புடிச்சு நம்ம மேல திருப்பிடுவானுங்கன்னு தம்பி சொல்றான். எந்த மாதிரி ஆளுங்கன்னு மட்டும் சொல்றேன். இன்ஸ்டால தினம் ரீல்ஸ் போடுவாங்க, மாடில ஒரு ஏசி ரூம், சுவர் பூரா ஈஃபிள் டவர் ஸ்டிக்கர், மேஜைல ஒரு குட்டி ஏரோப்ளேன் பொம்மை. இந்த மாதிரி எல்லா ஊர்லயும் இப்ப நாலு இருக்கு.

எங்கப்பா கோயமுத்தூர்ல ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஜப்பான் வைண்டிங் மெஷின் ஓடுற சத்தத்தை வச்சே எந்த இடத்துல கோளாறுன்னு சொல்லுவார். அந்த மெஷின் வந்த ஊரை ஒரு தடவை பாக்கணும்னு அவர் சொல்றதை சின்ன வயசுல இருந்து நாங்க கேட்டுட்டே இருக்கோம். ஃப்ளைட் டிக்கெட்டை நாங்களே போட்டுட்டோம், நல்லவேளை அதையாவது. ரூமும் ரயில் பாஸும்தான் இந்த ஏஜென்சிக்காரன்கிட்ட குடுத்தோம். டோக்கியோல 4 ராத்திரி, கியோட்டோல 3 ராத்திரி, ரூமுக்கு 98,000. மூணு பேருக்கு ஏழு நாள் ஜேஆர் பாஸ் 89,000. ஏர்போர்ட் பிக்கப் ஃப்ரீ. ஆக மொத்தம் 1,87,000 ரூபா.

ஏன் நம்புனீங்கன்னு எல்லாரும் கேப்பீங்க. அப்பாவைக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு அந்தப் பையன் எந்திரிச்சு நின்னு சேர் போட்டான், அங்கிள் நீங்க என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டான், அப்பா மெஷின் கதையை ஆரம்பிச்சா நாங்களே எந்திரிச்சுப் போயிருவோம், அவன் இருபது நிமிஷம் உக்காந்து கேட்டான். "உங்கள மாதிரி ஆளுங்கதான் அங்கிள் ஜப்பான் போகணும், இங்க வர்ற பாதிப் பேரு போட்டோவுக்குத்தான் போறாங்க" அப்படின்னான். அப்பா முகத்தைப் பாக்கணுமே. அந்த இடத்துலயே நாங்க விழுந்துட்டோம்.

ஆனா கண்ணை மூடிட்டு ஒண்ணும் குடுக்கலங்க. நான் டோக்கியோ ஹோட்டலுக்கு நேரா மெயில் போட்டேன், இந்தப் பேர்ல இந்தத் தேதிக்கு புக்கிங் இருக்கான்னு. மறுநாளே பதில், ஆமா இருக்கு, உங்களை வரவேற்கக் காத்திருக்கோம்னு. கியோட்டோலயும் அதே. விசாவுக்கும் அந்த வவுச்சரைத்தான் வச்சோம், விசாவும் வந்துருச்சு. இதுக்கு மேல என்ன செக் பண்ணணும்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் கோட்டை விட்டேன். புக்கிங் இருக்கான்னு கேட்டேன், பணம் கட்டியாச்சான்னு கேக்கல.

பணத்தை ஜிபே பண்ணச் சொன்னான், ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும்ல, அதனால முதல் நாள் 1,00,000, அடுத்த நாள் 87,000. ஏஜென்சி பேர்ல இல்ல, யாரோ ஒருத்தர் பேர்ல வந்துச்சு. கேட்டதுக்கு "அக்கா, கம்பெனி அக்கவுண்டுக்குப் போட்டா டிசிஎஸ் புடிக்கணும், உங்களுக்குத்தான் நஷ்டம், நான் பாத்துக்கிறேன்"னான். அந்த டிசிஎஸ், அதாவது டூர் விக்கிறவன் முன்கூட்டியே புடிச்சு நம்ம பேர்ல கட்டுற வரி, நம்ம வரி கணக்குல திரும்ப வர்ற காசுதான்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சரின்னு தலையாட்டுனேன். இதை எழுதவே வெக்கமா இருக்கு, ஆனா இதை மறைச்சா இந்தப் பதிவுக்கு அர்த்தமே இல்ல. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விக்கிறவன் பான் கார்டு கேக்கலைன்னா உங்களுக்கு ஏதோ சலுகை பண்றான்னு அர்த்தம் இல்லைங்க, கணக்குலயே உங்க பேர் இல்லைன்னு அர்த்தம்.

சரி, ஃப்ளைட். சிங்கப்பூர்ல மாறி, நடு ராத்திரி கிளம்புற ஃப்ளைட், ஏழு மணி நேரம். அப்பா ஒரு பொட்டு தூங்கல. விடியற நேரம் ஜன்னலைத் தொறந்து வச்சுட்டு சூரியன் நமக்கு முன்னாடி இங்கதான் வருது கண்ணுன்னு எழுப்பிக் காட்டுனார். காலைல எட்டு மணிக்கு டோக்கியோவோட நரிட்டா ஏர்போர்ட்ல இறங்குனோம். இமிக்ரேஷன், ஃபிங்கர்பிரிண்ட், கஸ்டம்ஸ் க்யூஆர் கோட் எல்லாம் முடிஞ்சு வெளிய வரும்போது ஒம்பது. பேர் எழுதின போர்டோட வரிசையா ஆளுங்க நிக்கிறாங்க, எங்க பேர் மட்டும் இல்ல. அந்த டிரைவர் கையிலதான் ரயில் பாஸ் வருதுன்னு வேற சொல்லியிருந்தான்.

போன் போட்டேன், எடுக்கல. இங்க ஒம்பதுன்னா நம்மூர்ல அஞ்சரை. பாவம் தூங்குவான்னு நாங்களே சமாதானம் சொல்லிக்கிட்டோம்! பதினோரு மணி வரைக்கும் அந்த சேர்ல உக்காந்திருந்தோம். நடுவுல ஒரு ஆள் வந்து டாக்ஸி டாக்ஸின்னு மெதுவாக் கூப்பிட்டான், வீட்டுக்காரர் எந்திரிச்சே போயிட்டார், இன்ஃபர்மேஷன் கவுண்டர்ல இருந்த அம்மா ஓடி வந்து கையை குறுக்க காட்டி வேணாம்னாங்க. இங்க உண்மையான டாக்ஸிக்குப் பச்சை நம்பர் ப்ளேட்டாம், வெள்ளை ப்ளேட் வண்டிக்கு இப்படி டாக்ஸின்னு கூப்பிட்டு ஆள் ஏத்துறது சட்டவிரோதம். அதே அம்மாதான் எங்க ஹோட்டல் இருக்குற அசகுசாவுக்கு மாறாமலே போற ரயிலைக் காட்டி டிக்கெட் எடுத்தும் குடுத்தாங்க, தலைக்கு ரெண்டாயிரம் யென் கூட ஆகல, ஒரு மணி நேரம்தான். காசு கொடுத்தவன் வரல, சம்பந்தமே இல்லாத அம்மா கூட வந்து மெஷின் பட்டன் அமுக்குது.

ஹோட்டலுக்குப் போகும்போது மணி பன்னெண்டே முக்கால். செக்கின் மூணு மணிக்குத்தான்னு தெரியும், பெட்டியை வச்சிட்டு அப்பாவை உக்கார வைக்கலாம்னு நினைச்சோம். பாஸ்போர்ட்டைக் குடுத்தேன். ரிசப்ஷன்ல இருந்த பையன் டைப் பண்றான், பாக்குறான், மறுபடி டைப் பண்றான். உள்ள போய் இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்தான். அவர் மொழிபெயர்ப்பு ஆப்ல எழுதி எங்க பக்கம் திருப்பினார்: உங்கள் முன்பதிவு ஒன்பது நாட்களுக்கு முன் ரத்து செய்யப்பட்டது.

பணம்னு கேட்டேன். பணம் எதுவும் செலுத்தப்படவில்லை, இது ஹோட்டலில் செலுத்தும் முன்பதிவு.

அப்பதான் மண்டைல உறைச்சுது. ஃப்ரீ கேன்சலேஷன், பே அட் ஹோட்டல்னு புக்கிங் சைட்ல இருக்குல்ல, அதைப் போட்டு வவுச்சர் எடுத்துக் குடுத்திருக்கான், அஞ்சு பைசா செலவில்லாம. நாங்க மெயில்ல கேக்குறப்ப புக்கிங் இருந்துச்சு, விசா வர்ற வரைக்கும் இருந்துச்சு, அப்புறம் கேன்சல். கேன்சல் மெயில் அவனோட மெயிலுக்குப் போகும், எங்களுக்கு எப்படித் தெரியும்? கியோட்டோவுக்கு அவங்களே போன் போட்டுக் கேட்டாங்க, அதே நாள்ல அதுவும் கேன்சல். 1,87,000 ரூபால ஒரு ரூபா கூட ஜப்பானுக்கு வந்து சேரவே இல்லைங்க.

அங்கயே நின்னு மறுபடி போன். இந்தத் தடவை எடுத்தான், ஏன்னா வீட்டுக்காரர் நம்பர்ல இருந்து போட்டேன், அவனுக்குத் தெரியாத நம்பர். குரல் கேட்டதும் "அக்கா ஜப்பான் எப்படி இருக்கு"ங்குறான்! விஷயத்தைச் சொன்னேன். சிஸ்டம் இஷ்யூவா இருக்கும், டோக்கியோ டீம்ட்ட பேசிட்டு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்னான். ஒன்றரை மணி நேரம் ஆச்சு. திரும்பக் கூப்பிட்டா ஒரு பொண்ணு எடுத்து சார் மீட்டிங்ல இருக்கார்ங்குது. வாட்ஸப்ல புளூ டிக் விழுது, பதில் இல்ல. சாயங்காலம் ஒரு வாய்ஸ் மெசேஜ், ஹோட்டல்காரங்க தப்பு அக்கா, நீங்க இப்போதைக்கு உங்க கைக்காசுல ரூம் போட்டுக்கோங்க, பில்லை அனுப்புங்க, ரிஃபண்ட் ப்ராசஸ் நாப்பத்தஞ்சு வொர்க்கிங் டேஸ். ரயில் பாஸ் எங்கடான்னா, அது கூரியர்ல வந்துட்டு இருக்காம். யாருக்கு, எந்த ஹோட்டலுக்கு? அதுக்கப்புறம் என்னை பிளாக் பண்ணிட்டான்.

செர்ரிப்பூ சீசன், எல்லா ஹோட்டலும் ஃபுல். அந்த ரிசப்ஷன் பையன் மூணு இடத்துக்கு போன் போட்டு இந்த உவேனோ ரூமை புடிச்சுக் குடுத்தான், ஒரு ராத்திரிக்கு 31,000 யென். நம்ம காசுக்கு கிட்டத்தட்ட 18,000. இதுக்கு அவன் குனிஞ்சு குனிஞ்சு எங்ககிட்ட மன்னிப்பு வேற கேக்குறான், அவன் என்னங்க தப்பு பண்ணான்.

அந்த நேரத்துல அப்பா பெட்டி மேலயே உக்காந்திருந்தார். கடைல வாங்கின சோத்து உருண்டையைப் பாதி தின்னுட்டு, இங்க வந்து இந்த லாபிலயே உக்காந்திருக்கவா கண்ணு, அந்தப் பெரிய லாந்தர் இங்கதான பக்கத்துல இருக்குன்னார். அதனால அந்த லாந்தர் தொங்குற அசகுசா கோயில் வாசலுக்கு, காமினாரிமோனுக்குக் கூட்டிட்டுப் போனோம். லாந்தர் சிவப்பா, ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு இருக்கு. அந்த வாசலை 1960-ல திரும்பக் கட்டுறதுக்குப் பணம் குடுத்தது மட்சுஷிடா, நம்ம வீட்ல இருந்த நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர் கம்பெனியை ஆரம்பிச்சவர். லாந்தருக்கு அடில பித்தளைல அவங்க கம்பெனி பேரு போட்டிருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிச்சு அப்பா வீட்டுக்காரருக்குக் காட்டிட்டு இருக்கார், சின்னப் பையன் மாதிரி. நான் பத்தடி தள்ளி நின்னு போன்ல அந்தப் பொண்ணுகிட்ட கத்திட்டு இருந்தேன். இத்தனை வருஷம் கழிச்சு அவரைக் கூட்டிட்டு வந்து, அவர் அதைப் பாக்குற நேரத்தை நான் பாக்கல. 1,87,000 ரூபா திரும்ப வந்தாலும் வரட்டும், இதை எவன் தருவான்.

இன்னொரு கூத்து. அந்த ஜேஆர் பாஸ் எங்களுக்குத் தேவையே இல்லையாம். 2023 அக்டோபர்ல விலையை ஏத்திட்டாங்க, ஏழு நாள் பாஸ் 29,650 யென்ல இருந்து 50,000 யென். டோக்கியோ டு கியோட்டோ புல்லட் ரயில் ஒரு தடவைக்கு 14,000 யென் சுமாருக்குத்தான், போக வர 28,000. அதுவும் வேகமான நொசோமில ஏறணும்னா பாஸ் மேல தனியா வேற காசு கட்டணும். "அக்கா பாஸ் இல்லாம ஜப்பான்ல நகரவே முடியாது"ன்னான் அந்தப் படுபாவி. பாஸ் உண்மையாவே வந்திருந்தாலும் எங்களுக்கு நஷ்டம்தான்.

தம்பி கோயமுத்தூர்ல இருந்து 1930-ங்கிற சைபர் மோசடி ஹெல்ப்லைனுக்கு அடிச்சு சைபர் கிரைம் போர்ட்டல்லயும் பதிஞ்சிருக்கான். பணம் போய் ரெண்டு மாசம் ஆச்சுங்களேன்னு அங்க முதல்ல கேட்டதே அதுதான். அன்னன்னைக்கே சொன்னாத்தான் அக்கவுண்ட்டை முடக்க வாய்ப்பு அதிகமாம். ரெண்டு மாசமா ஏமாந்திருக்கோம்னே தெரியாதவங்க என்ன பண்றது? மாடி ஆபீசுக்கு தம்பி நேராப் போனான், ஷட்டர் தொறந்துதான் இருக்கு, ஆபீஸ்ல ஆளும் இருக்கு, "அது ஃப்ரீலான்சர் பண்ணது சார், எங்களுக்கு சம்பந்தம் இல்ல"ன்னு டீ வேணுமான்னு கேட்டிருக்காங்க.

என்ன பார்க்கணும்னு பெருசா எழுதலாம்னு இருந்தேன், கண்ணு சொக்குது. சுருக்கமா: ரூமை உங்க மெயில்ல உங்க கார்டுல போடுங்க. ஏஜென்ட் போட்டா ஹோட்டலுக்கு மெயில்ல "பணம் கட்டியாச்சா, கேன்சல் பண்ணா யாருக்குத் தகவல் வரும்"னு கேளுங்க, கிளம்புறதுக்கு முந்தின நாள் மறுபடி கேளுங்க. தனி ஆள் அக்கவுண்டுக்கு ஒத்தப் பைசா போடாதீங்க. பில் குடுக்காதவன், பான் கார்டு கேக்காதவன் ஏஜென்ட்டே இல்ல. பாஸ் வாங்குறதுக்கு முன்னாடி டிக்கெட் விலையை நீங்களே கூட்டிப் பாருங்க. அவ்ளோதான்.

எழுதிட்டு இருக்கும்போதே அந்தப் பேஜைத் திறந்து பாத்தேன், வீட்டுக்காரர் போன்ல இன்னும் பிளாக் ஆகல. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி புது ரீல் போட்டிருக்கான், ஜப்பான் செர்ரி ப்ளாசம், கடைசி மூணு சீட்னு. கீழ 17 பேர் விலை என்னன்னு கேட்டிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் போட்டுட்டு இருக்கேன், இது வரைக்கும் ஆறு பேருக்குப் போட்டாச்சு.