வீடியோவா, சிமுலேஷனா, போனா? நெல்லைப் பள்ளிகளில் இணையவழி அறிவியல்

ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியலை இணையத்தின் துணையோடு நடத்த நெல்லைச் சீமைப் பள்ளிகளுக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கல்வி தொலைக்காட்சியின் யூடியூப் பாடங்கள், மணற்கேணி செயலி, புத்தகத்திலுள்ள கியூஆர் கோடு எல்லாம் சேர்ந்தது வீடியோ வழி. அடுத்தது ஃபெட் (PhET) என்ற சிமுலேஷன் தளம், அதாவது சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் இணையதளம். மூன்றாவது, போனையே அளவுக் கருவியாக்கும் ஃபைஃபாக்ஸ் (phyphox) செயலி. மூன்றுமே இலவசம். எதை எடுப்பது என்று கேட்டால், பாடம் நடக்கும்போது பிள்ளையின் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள் என்பேன்.

வீடியோவின் பலம், அது நம் புத்தகத்தோடு ஒட்டிப் போவது. அதே வரிசை, அதே கலைச்சொற்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வி தொலைக்காட்சி, அடுத்த ஆண்டே வந்த கொரோனாக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்த பிள்ளைக்கும், அப்பா வேலை முடிந்து வந்த பிறகே போன் கிடைக்கும் வீட்டுக்கும் இன்றும் இதுதான் சரி. சோடியத்தைத் தண்ணீரில் போடுவது போன்ற ஆபத்தான சோதனைக்கும் வீடியோதான் நல்லது. ஆனால் வகுப்பில் இருபது நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டால் பிள்ளைகள் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிவு தெரியும் முன்பே நிறுத்தி, "என்ன ஆகும்னு நினைக்கீங்க?" என்று கேட்டால்தான் அது பாடமாகிறது.

ஃபெட் சங்கதி வேறு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பல சிமுலேஷன்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. மின்சுற்று சிமுலேஷனில் 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் மின்தடை, ஒரு அம்மீட்டர் கோத்தால் 0.9 ஆம்பியர் காட்டும். தடையை 20 ஓம் ஆக்கினால் 0.45. ஓமின் விதியைக் கரும்பலகையில் எழுதும் முன்பே பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும்.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்து எது கூடுதலாக எரியும் என்று கேளுங்கள். "மொத பல்புலயே கொஞ்சம் கரண்ட்டு தீந்துரும்லா சார்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு இருக்கும் எண்ணம் இது. பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை வைத்து ஒரே அளவைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த எண்ணம் ஆட்டம் காணத் தொடங்கும். எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் நடக்காதது அது.

நெட் பிரச்சினைக்கும் இதில் வழி இருக்கிறது. புதிய சிமுலேஷன்களை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் அப்புறம் இணையமே தேவையில்லை. ஆனி, ஆடிக் காற்றில் நெட் கண்ணாமூச்சி ஆடும் ஊர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். திரையில் பேட்டரி தேய்வதில்லை, வயர் லூஸ் ஆவதில்லை, முனையில் துரு ஏறுவதில்லை. கொஞ்ச நாள் ஓடிய நிஜ டார்ச் செல்லை அளந்தால் 1.5 வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டும். ஏன் என்று தேடுவதும் அறிவியல்தான். அதனால் செல்லும் பல்பும் முதலில், திரை பிறகு. பழைய டார்ச்சும் ரெண்டு முழம் வயரும் கிடைக்காத ஊர் கிடையாது. சிமுலேஷன் இருக்கிறதென்று ஆய்வகத்தைப் பூட்டி வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

நம் ஊருக்கென்றே அமைந்தது மூன்றாம் வழி. ஃபைஃபாக்ஸ், ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தந்த செயலி. போனிலுள்ள காந்த உணரியின் அளவை அப்படியே காட்டும். ஆசிரியரின் போன் ஒன்றே போதும். புவியின் காந்தப்புலம் மேலும் கீழும் சாயாமல் கிடையாக இருக்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு நெல்லைக்கு மிக அருகே செல்கிறது. அதனால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. காந்தப்புலம் இங்கே ஏறத்தாழ கிடையாகவே இருக்கும். போனை எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்து மேசையில் படுக்க வைத்தால் மொத்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. செங்குத்துப் பகுதி மிகச் சிறியது. டெல்லியில் அதே புலம் 40 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் (NOAA) இணையதளத்தில் எந்த ஊரின் அளவையும் எடுத்து ஒப்பிடலாம். ஒன்பதாம் வகுப்புக் காந்தவியலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

போன் உணரிக்குத் துல்லியம் குறைவு. இரும்பு மேசையில் வைத்தால் எண்கள் தாறுமாறாகும். அப்படி ஆனால் உடனே காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். போனைக் கொடுத்து, அறையில் எங்கெங்கே எண் ஏறுகிறது என்று பிள்ளைகளையே தேடவிடுங்கள்.