கட்டடமா, உதவித்தொகையா, கற்பித்தலா: கல்வித் திட்டத்தில் முதல் செலவு எதற்கு?

வளரும் நாடுகள் பலவற்றில் கல்விக்கு ஒதுக்கும் நிதியின் பெரும்பகுதி ஆசிரியர் ஊதியத்துக்கே போய்விடுவதால், புதிதாக எதையேனும் செய்ய எஞ்சுவது சிறு தொகைதான். அதைக் கொண்டு பள்ளிகளைக் கட்டலாம். ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கலாம். ஏற்கெனவே நடக்கும் வகுப்புகளில் கற்பித்தலைச் சீர்படுத்தலாம். இவற்றை முறையே இந்தோனேசியாவும் மெக்சிகோவும் கென்யாவும் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கின்றன.

இந்தோனேசியா 1973 தொடங்கி ஆறு ஆண்டுகளுக்குள், எண்ணெய் வருவாயைக் கொண்டு 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. 1972-இல் எந்த மாவட்டத்தில் எத்தனை குழந்தைகள் பள்ளியில் சேராதிருந்தார்களோ, அந்தக் கணக்கை ஒட்டியே பள்ளிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. 7 முதல் 12 வயது வரையுள்ளோரின் சேர்க்கை விகிதம் 1973-இல் 69 விழுக்காடாக இருந்து 1978-இல் 83 விழுக்காடானது. ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கூடினால் அவர்கள் படிக்கும் காலம் சராசரியாக 0.12 முதல் 0.19 ஆண்டு வரை கூடியது என்றும், பின்னாளில் அவர்கள் பெறும் ஊதியமும் உயர்ந்தது என்றும் பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ 2001-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பார்வைக்குச் சிறிய எண்தான். ஆனால் ஒரு தலைமுறை முழுவதற்கும் சேர்ந்த கணக்கு அது.

மெக்சிகோவின் சிக்கல் வேறு. அங்கே பல ஊர்களில் பள்ளி எட்டும் தொலைவில் இருந்தும், தொடக்கப் பள்ளியை முடித்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், மேலே படிக்காமல் நின்றுவிட்டார்கள். 1997-இல் தொடங்கிய ப்ரோக்ரெசா திட்டம், பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் உதவித்தொகையைக் கொடுத்தது. வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறியது, இடைநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதலாகவும் கிடைத்தது. வேலைக்குப் போனால் பிள்ளை ஈட்டக்கூடிய கூலியைக் குடும்பம் இழக்கிறது என்பதைத் திட்டமிடுவோர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு ஈடுசெய்த இந்த அணுகுமுறையை நான் பெரிதும் மதிக்கிறேன். இடைநிலை வகுப்புகளில் சேர்வோர் கூடினார்கள். எனினும் இரண்டு குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளியும் மருத்துவ நிலையமும் எட்டாத சிற்றூர்கள் தொடக்கத்தில் திட்டத்துக்குள் வரவில்லை. அதாவது மிகவும் பின்தங்கியவர்களே வெளியே நின்றார்கள். மேலும், வருகை கூடிய அளவுக்குத் தேர்வு மதிப்பெண் கூடியதாகத் தொடக்ககால மதிப்பீடுகள் காட்டவில்லை.

ஆகவே இவ்விரு வழிகளும் போட்டி வழிகள் போலத் தோன்றினாலும், உண்மையில் ஒன்று முடியும் இடத்தில்தான் மற்றொன்று தொடங்குகிறது. பள்ளியே இல்லாத ஊரில் உதவித்தொகையால் பயனில்லை. பள்ளி இருந்தும் பிள்ளைகள் வராத ஊரில் இன்னொரு கட்டடம் வீண் செலவு.

இரண்டும் தொடாத இடத்தைக் கென்யா தொட்டது. 2003-இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியபோது அங்கே மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 59 இலட்சத்திலிருந்து 72 இலட்சமானது; வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. பிறகு 2015-இல் நாடு முழுவதும் தொடங்கிய டூசோமே திட்டம் (சுவாகிலியில் 'வாசிப்போம்' என்று பொருள்) தொடக்க வகுப்புகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாடநூல், ஆசிரியருக்கு அன்றாடப் பாடக் கையேடு, வகுப்புக்கே வந்து கவனித்து ஆலோசனை சொல்லும் அலுவலர் என மூன்றையும் இணைத்தது. வாசிப்புத் திறன் கண்கூடாக உயர்ந்தது. இதைத் தொடர்ந்து நடத்துவதுதான் கடினம்: அலுவலர் வகுப்புக்கு வருவது நின்றால் கையேடு அலமாரிக்குப் போய்விடும்.

பெரும்பாலான குழந்தைகள் ஏற்கெனவே பள்ளியில் சேர்ந்துவிட்ட நாடாக இருந்தால், மூன்றாவது வழிக்கே முதல் பணத்தை ஒதுக்க வேண்டும் என்பது என் முடிவு. இரண்டாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத குழந்தை ஐந்தாம் வகுப்பின் எந்தப் பாடத்தையும் தொடர முடியாது. அந்நிலையில் அதைப் பள்ளியில் நிறுத்திவைக்கத் தரும் உதவித்தொகையும் பலன் தராது. பள்ளி எட்டாத குழந்தைகளின் எண்ணிக்கையை மக்கள்தொகைக் கணக்கும், இடைநின்றவர்களின் எண்ணிக்கையைச் சேர்க்கைப் பதிவேடும் சொல்லிவிடும். வகுப்பில் அமர்ந்தும் வாசிக்கத் தெரியாதவர்களை எண்ண, பள்ளிதோறும் சில குழந்தைகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னால் போதும். திட்ட ஆவணத்தின் முதல் வரியை எழுதும் முன்னரே அந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.