எண்பதாண்டுக் கோடு: லண்டன் ஃப்ளாட்டின் லீஸை எந்த வழியில் நீட்டிப்பது?

ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஃப்ளாட் வாங்கிய நம்மவர்கள் பலர் லீஸ் பத்திரத்தை, அதாவது ஃப்ளாட் எத்தனை ஆண்டு நம் கையில் இருக்கும் என்று சொல்லும் ஒப்பந்தத்தை, தேடி எடுப்பதே விற்கப்போகும்போதுதான். அப்போதுதான் தெரியும், 1987இல் எழுதிய 99 ஆண்டு லீஸ் 2086இல் முடிகிறது என்று. மீதி 70 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும். கடன் கிடைக்காத வீட்டை வாங்க யார் வருவார்கள்?

என் நண்பருக்கு மீதி 78 ஆண்டு இருந்தது. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: 11,000 பவுண் கட்டினால் லீஸை 99 ஆண்டாக்கித் தருகிறோம், 28 நாளுக்குள் பதில் சொல்லுங்கள். சட்டப்படி போனால் 14,000 வரை ஆகலாம் என்று யாரோ சொல்லியிருந்ததால், மூவாயிரம் மிச்சம் என்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார்.

அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 78ஐ 99 ஆக்கினால் கூடுவது 21 ஆண்டுதான். இருபது ஆண்டு கழித்து மறுபடி அதே இடத்தில் நிற்க வேண்டும். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுத்து நீட்டித்தால் இருப்பதோடு 90 ஆண்டு சேர்ந்து 168 ஆகும். அவருக்கு ஆண்டுதோறும் கட்டும் நில வாடகையான கிரவுண்ட் ரென்டும் புது லீஸ் எழுதிய நாளோடு ஒழியும். சட்டம் அதை 'ஒரு மிளகு' என்கிறது. நம் ரசத்தில் போடும் அதே மிளகுதான், அதையும் யாரும் வந்து கேட்பதில்லை. கடிதத்தில் சொன்ன வழியில் அப்படி இல்லை. 2022இல் வந்த சட்டம் நீட்டித்த காலத்துக்கு வாடகை கூடாது என்கிறதே தவிர, பழைய லீஸில் மிச்சமுள்ள 78 ஆண்டுக்குப் பழைய வாடகையை வசூலிக்க விடுகிறது. ஆண்டுக்கு 200 பவுண் என்றால் மொத்தம் 15,600. மூவாயிரம் மிச்சம் எங்கே போயிற்று?

சரி, அந்த 14,000 எப்படி வந்தது? நீண்ட லீஸோடு 3,50,000 பவுண் போகும் ஃப்ளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 78 ஆண்டு கழித்து வீடு திரும்பக் கிடைக்கும் என்ற உரிமையை ஃப்ரீஹோல்டர் இழக்கிறார். ஃப்ளாட்டுகளுக்கு வழக்கமாக ஆண்டுக்கு எடுக்கும் 5 சதவீதத்தில் கழித்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 7,700. வாடகை இழப்பு, 7 சதவீதத்தில் கணக்கிட்டால், 2,800 சொச்சம். கடைசியாக 'மேரேஜ் வேல்யூ'. லீஸ் நீண்டதால் வீட்டுக்கு ஏறும் மதிப்பில், முன் சொன்ன இரண்டு தொகையையும் கழித்து மிஞ்சுவதில் பாதியை அவருக்குக் கொடுக்க வேண்டும். குறுகிய லீஸ் ஃப்ளாட் 95 சதவீத விலைக்குப் போகும் என்று எடுத்தால் அது ஏறக்குறைய 3,500. லீஸ் 80 ஆண்டுக்கு மேல் இருந்தால் இந்தக் கடைசிப் பங்கு கிடையாது. இதே ஃப்ளாட்டுக்கு 81 ஆண்டு மீதி இருந்தால் மொத்தமே 9,500தான். மூன்று ஆண்டு சும்மா இருந்ததற்கு 4,500 பவுண். 80ஐ நெருங்கிக்கொண்டிருப்பவர் இதைப் படித்து முடிக்கும் முன்பே சொலிசிட்டருக்குப் போன் போடலாம்.

சட்ட வழியிலும் தொல்லை உண்டு. உங்கள் சொலிசிட்டர், சர்வேயர் செலவோடு எதிர்த்தரப்பின் நியாயமான செலவையும் நீங்களே கட்ட வேண்டும். அவர்கள் எதிர் நோட்டீஸ் என்ற பதிலைத் தர இரண்டு மாதம் எடுத்துக்கொள்வார்கள். விலை ஒத்துவராவிட்டால், எதிர் நோட்டீஸ் வந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேதியைத் தவறவிட்டால் நோட்டீஸே செல்லாது, அடுத்ததற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் விலைக்கு அளவுகோலாவது நோட்டீஸ் கொடுத்த நாள்தான். அதற்குப் பிறகு இழுத்தடித்தால் கணக்கு ஏறாது. இரண்டு ஆண்டு சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் 2025 ஜனவரியோடு போய்விட்டது.

'புதுச் சட்டம் வரட்டும்' என்பவர்கள் தனி ரகம். 2024 மே மாதம் நிறைவேறிய சட்டத்தில் 990 ஆண்டு நீட்டிப்பு உண்டு, மேரேஜ் வேல்யூ கிடையாது. ஆனால் அந்தப் பகுதிகள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. கணக்குக்கான சதவீதங்களையும் அரசுதான் நிர்ணயிக்கும். அது 5க்குக் கீழே வைத்தால், மேரேஜ் வேல்யூ இல்லாதவருக்கு விலை ஏறவே செய்யும். மீதி அறுபது சொச்சம் ஆண்டு, விற்கும் எண்ணமில்லை, வீட்டுக் கடனைப் புதிதாக மாற்றி எடுக்கும் ரீமோர்ட்கேஜும் வேண்டாம் என்றால் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது, அவருக்குத்தான் மேரேஜ் வேல்யூ பெரிதாக இருக்கும். மீதி 82 ஆண்டு இருப்பவர் காத்திருப்பது எனக்குப் புரியாத தைரியம்.

அப்புறம், கட்டடத்தையே சேர்ந்து வாங்குவது. குறைந்தது பாதி ஃப்ளாட்காரர்கள் சேர வேண்டும், இரண்டே ஃப்ளாட் என்றால் இருவரும். வாங்கிவிட்டால் உங்களுக்கு நீங்களே 999 ஆண்டு லீஸ் எழுதிக்கொள்ளலாம். பிறகு கூரை ஒழுகினாலும் திட்ட ஃப்ரீஹோல்டர் இருக்க மாட்டார். மேல்மாடிக்காரரிடம் காசு வசூலிக்க நீங்கள்தான் போக வேண்டும். நாலைந்து வீடு, எல்லாரும் முகம் பார்த்துப் பேசுபவர்கள் என்றால் இதைவிட நல்லது இல்லை. நாற்பது ஃப்ளாட், பாதி வெளிநாட்டிலிருக்கும் முதலீட்டாளர்கள் என்றால் ஆள் சேர்ப்பதற்குள் லீஸ் இன்னும் தேய்ந்திருக்கும்.

நண்பர் பேனாவை மூடிவிட்டு நோட்டீஸ் கொடுத்தார். எதிர் நோட்டீஸில் 21,000 கேட்டிருந்தார்கள். பதறிப்போய் சர்வேயருக்குப் போன் செய்தால், அவர் சாவகாசமாக, "எதிர்பார்த்ததுதான், நான் 12,500 என்று எழுதி அனுப்பிவிட்டேன்" என்றாராம்.