நான்கு சீட்டும் ஒரே விமானத்தில்: எட்டு வருட ரிவார்டு பாயின்ட் அனுபவம்

ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு, கிரெடிட் கார்டில் சேர்ந்திருந்த 1,20,000 பாயின்டை ஒரு விமான நிறுவனத்தின் மைல் கணக்குக்கு மாற்றினேன் (மைல் என்பது விமான நிறுவனம் தரும் பாயின்ட்). ஆளுக்கு 30,000 வீதம் நான்கு சீட். திரையில் நான்கும் தெரிந்தன, மனைவியை எழுப்பிக் காட்டக்கூடச் செய்தேன். மாற்றிய பாயின்ட் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இரண்டு சீட்தான் மிச்சம். அனுப்பிய பாயின்டைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. கார்டிலிருந்து ஒருமுறை வெளியே போன பாயின்ட் மறுபடி கார்டுக்கு வராது என்பதை அன்றைக்குத்தான் விதிமுறைகளில் தேடிப் படித்தேன். மற்ற இரண்டு டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்கினோம். பாதி பாயின்ட் அந்தக் கணக்கிலேயே ஒன்றரை வருடம் கிடந்தது.

எட்டு வருடமாகக் கார்டு பாயின்டை வைத்துக் குடும்பப் பயணம் போய்வருகிறேன். ஆரம்பித்தபோது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்று. இந்த எட்டு வருடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: பாயின்ட் சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. நான்கு பேருக்கு, பள்ளி விடுமுறையில், ஒரே விமானத்தில் சீட் பிடிப்பதுதான் வித்தை. தனியாளாகச் சுற்றுகிறவர்கள் பிசினஸ் வகுப்பில் படுத்துக்கொண்டு போட்ட படங்களைப் பார்த்துவிட்டு இதில் இறங்கினால், குடும்பஸ்தருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர்களுக்கு ஒரு சீட் போதும், செவ்வாய்க்கிழமை என்றாலும் சரி. நமக்கு அப்படியா?

முதலில் தேடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில்தான் அதிகம் மிச்சமானது. நான்கு பேர் என்று போட்டுத் தேடினால், பெரும்பாலான தளங்கள் நான்கு பேருக்கும் ஒரே விலையில் சீட் இருக்கிறதா என்றுதான் பார்க்கின்றன. மலிவு விலையில் மூன்று சீட் இருந்து, நான்காவது அதற்கு மேல் விலையில் இருந்தால், நான்கையும் மேல் விலைக்கே காட்டும். ஒருமுறை எங்களுக்கு ஆளுக்கு 34,000 பாயின்ட், மொத்தம் 1,36,000 என்று வந்தது. ஒரு ஆளுக்கு மட்டும் தேடினேன், 20,000. இரண்டு பேருக்கு அதே 20,000, மூன்று பேருக்கும் அதேதான். ஆக மூன்று டிக்கெட் 20,000 வீதம், ஒன்று 34,000. மொத்தம் 94,000. இரண்டு நிமிட வேலையில் 42,000 பாயின்ட் மிச்சம். நான்கு பேருக்குத் தேடி ‘சீட் இல்லை’ என்று வந்தாலும் உடனே மூடிவிடாதீர்கள். மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கிப் பாருங்கள்.

ஆனால் இப்படிப் பிரித்து எடுத்தால் பதிவு எண் இரண்டாகிவிடும். அதன் விலையையும் ஒருமுறை கொடுத்தோம். திரும்பி வரும் விமானம் ரத்தானது. கணினி என்னையும் இரண்டு பிள்ளைகளையும் காலை விமானத்திலும், மனைவியை மறுநாள் மாலை விமானத்திலும் தானாகவே போட்டுவிட்டது. அதன் கண்ணுக்கு நாங்கள் ஒரு குடும்பம் இல்லை, இரண்டு தனித்தனிப் பதிவு, அவ்வளவுதான். மகள் என் கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, அம்மா எப்ப வருவாங்க?” என்று கேட்டாள். ஐம்பது நிமிடம் வாடிக்கையாளர் சேவையில் காத்திருந்துதான் நான்கு பேரையும் ஒன்றாக்க முடிந்தது. இப்போதெல்லாம் டிக்கெட் எடுத்த கையோடு நிறுவனத்துக்கு அழைத்து, ஒரு பதிவில் மற்றதன் எண்ணைக் குறித்துவைக்கச் சொல்லிவிடுகிறேன். அதனால் நிச்சயம் ஒன்றாகவே மாற்றிவிடுவார்கள் என்று இல்லை. ஆனால் உதவ வரும் ஊழியரின் கண்ணில் அந்தக் குறிப்பு படும். இன்னொன்று, பிரிக்கும்போது ஒவ்வொரு பதிவிலும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். குழந்தைக்கு மட்டும் தனிப் பதிவு என்றால் பல தளங்கள் ஏற்பதே இல்லை.

பாயின்ட் சீட்டைப் பல நிறுவனங்கள் பயணத்துக்குச் சுமார் 330 முதல் 360 நாள் முன்னதாகத் திறக்கின்றன. அப்புறம் கடைசி இரண்டு வாரத்தில், விற்காமல் போனதை மறுபடி திறந்துவிடுவதும் உண்டு. கடைசி நேரச் சீட்டை நம்பிக் குடும்பத்தோடு பெட்டி கட்ட முடியாது. ஆகவே நமக்கு முதல் வாசல்தான். சிக்கல் என்னவென்றால் அந்த நேரத்தில் பள்ளி விடுமுறைத் தேதியே வெளிவந்திருக்காது. நான் உத்தேசமாக ஒரு தேதிக்கு எடுத்துவிட்டு, பிறகு தேவைப்பட்டால் மாற்றுகிறேன். ரத்து செய்தால் பாயின்டைச் சிறு கட்டணத்தோடு, சில இடங்களில் கட்டணமே இல்லாமல், திருப்பித் தரும் திட்டங்கள் நிறைய உண்டு. மலிவான பண டிக்கெட்டில் அந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது. பாயின்டின் உண்மையான பலன் இலவசம் என்பதைவிட இந்த நெகிழ்வுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எடுக்கும் முன் ரத்து விதியை மட்டும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

‘இலவசம்’ என்ற வார்த்தையையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பாயின்டில் எடுத்தாலும் விமான நிலைய வரி, அதற்கு மேல் சில நிறுவனங்கள் போடும் எரிபொருள் கூடுதல் கட்டணம் எல்லாம் கையிலிருந்துதான் போகும். பண டிக்கெட் 100 என்று வைத்துக்கொண்டால், பாயின்ட் டிக்கெட்டுக்கு 38 பணமாகக் கேட்ட பயணமும் எங்களுக்கு அமைந்தது. அதை நான்கால் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டோம். இந்தக் கட்டணம் ஊருக்கு ஊர், வகுப்புக்கு வகுப்பு மாறும். உதாரணத்துக்கு பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணிகளுக்கு உள்ள பயண வரியில், எகானமி வகுப்பில் போகும் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 2016 மார்ச்சிலிருந்து விலக்கு உண்டு. உயர் வகுப்பில் போனால் அந்த விலக்கு இல்லை, வரியும் அதிகம். ஆசைப்பட்டு பிசினஸ் வகுப்புக்கு மாறும் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும்.

மடிக் குழந்தை விஷயத்தில் நான் அசடு வழிந்தேன். மகனுக்கு ஒரு வயது, சீட்டே தேவையில்லை, எனவே செலவில்லை என்று நினைத்திருந்தேன். வெளிநாட்டுப் பயணத்தில் இரண்டு வயதுக்குக் குறைந்த மடிக் குழந்தைக்குப் பல நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதம் வாங்குகின்றன. நீங்கள் பாயின்டில் போனாலும் அவர்கள் கணக்குப் போடுவது பணக் கட்டணத்தை வைத்து, அதுவும் பல சமயம் அன்றைய முழுக் கட்டணத்தை வைத்து. என் டிக்கெட்டுக்கு நான் கட்டிய வரியைவிட, சீட்டே இல்லாத பையனுக்குக் கட்டியது அதிகம். போகும்போது இரண்டு வயது நிறையாமல் இருந்து, திரும்பும் முன் நிறைந்துவிட்டால் திரும்பும் வழியில் தனிச் சீட் எடுத்தாக வேண்டும். பிறந்தநாள் கொண்டாட்டத்தைப் பயணத்தின் நடுவில் வைப்பவர்கள் கவனிக்கவும்.

ஹோட்டல் பக்கம் வந்தால் குடும்பத்துக்குக் காற்று கொஞ்சம் நம் பக்கம் வீசும். விமானத்தில் நான்கு தலைக்கு நான்கு பங்கு பாயின்ட். ஹோட்டலில் ஓர் அறைக்கு ஒரு பங்குதான். மாரியட் ஹோட்டல்களின் பாயின்ட் திட்டமான மாரியட் பான்வாயில், பாயின்டில் ஐந்து இரவு தங்கினால் நான்குக்குத்தான் பாயின்ட் எடுப்பார்கள். ஹில்டனிலும் ஐந்தாவது இரவு இலவசம் உண்டு, ஆனால் அவர்கள் உறுப்பினர் படிநிலையில் சில்வர் அந்தஸ்தாவது இருக்க வேண்டும். ‘ரிசார்ட் கட்டணம்’ என்று தினமும் தனியாகத் தீட்டும் இடங்களில், ஹில்டனும் ஹயாத்தும் பாயின்டில் தங்குபவர்களிடம் அதை வாங்குவதில்லை. மாரியட் வாங்குகிறது. நாங்கள் கவனிக்காமல் விட்டது அறையின் கொள்ளளவு. பாயின்டில் கிடைப்பது பெரும்பாலும் சாதாரண அறை. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தவரை ஒரே கட்டிலில் சுருண்டுகொண்டார்கள். மகளுக்குப் பத்து வயதானதும் ‘இந்த அறைக்கு மூன்று பேர்தான்’ என்று வரவேற்பில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது அறைக்கு அன்றைய முழு விலை. அதன்பிறகு பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் வயதோடு நான்கு பேர் என்று போட்டுத்தான் தேடுகிறேன்.

பாயின்ட் சேர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய தொகை புதிய கார்டுக்குத் தரும் வரவேற்பு போனஸில்தான் வருகிறது. மளிகையும் பெட்ரோலும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஒரு விஷயம் மட்டும்: எந்தச் செலவுக்கு எத்தனை பாயின்ட் என்பதை நீங்கள் வாங்கிய பொருள் தீர்மானிப்பதில்லை, கடையின் நான்கு இலக்கக் குறியீடு தீர்மானிக்கிறது. 5411 என்றால் மளிகை, 5812 உணவகம், 7011 தங்குமிடம். ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்டால் அது 7011-இல் விழலாம். எரிபொருள் நிலையத்துக் கடையில் வாங்கிய பால், பெட்ரோல் கணக்கில் போகலாம். உணவகச் செலவுக்கு ஐந்து மடங்கு என்று நம்பி ஒரு பெரிய விருந்துக்குக் கார்டு தேய்த்து, ஒரு மடங்கு வாங்கி வந்தவன் நான்.

குடும்பத்துக்குள் பாயின்ட் சிதறிக் கிடப்பதும் ஒரு தொல்லை. என்னிடம் 22,000, மனைவியிடம் 17,000, இரண்டும் தனித்தனியாக எதற்கும் போதாது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஒரே முகவரியில் இருப்பவர்கள் குடும்பக் கணக்கு தொடங்கி, அதன் பாயின்டான ஏவியோஸைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். அமெரிக்க விமான நிறுவனமான யுனைடெட் 2024-இல் ஐந்து பேர் வரை மைல்களை ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. இந்த வசதி இல்லாத திட்டத்தில் குடும்பமாகச் சேர்ப்பது ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

வங்கியின் சொந்தப் பயணத் தளத்தில் பாயின்டை நேரடியாகச் செலவழிக்கவும் செய்தேன். சீட் தேடும் தலைவலி இல்லை, விற்பனையில் உள்ள எந்தச் சீட்டையும் எடுக்கலாம், மதிப்பு மட்டும் கொஞ்சம் குறைவு. ஆனால் விமான நேரம் மாறியபோது விமான நிறுவனம் ‘உங்கள் முகவரைக் கேளுங்கள்’ என்றது, வங்கித் தளம் ‘விமான நிறுவனத்தைக் கேளுங்கள்’ என்றது. நான்கு நாள் பந்தாக உருண்டேன். இப்போது அதை ஹோட்டலுக்கும், நேரடியாகப் போகும் குறுகிய விமானப் பயணத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

சேர்த்து வைத்தால் வளரும் என்று நினைத்தது என் அடுத்த தவறு. இந்த விளையாட்டில் நாணயத்தை அச்சடிப்பதும் விமான நிறுவனம்தான், விலை வைப்பதும் அதேதான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் ஆட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது இது பயணிகளைத் தக்கவைக்கும் உத்தி. 2020-இல் யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடாக வைத்துப் பல நூறு கோடி டாலர் கடன் திரட்டியது என்றால், இன்றைக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்று புரியும். எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையை டெல்டா விமான நிறுவனம் 2015-இலேயே எடுத்துவிட்டது, மற்ற பலரும் அதே வழியில் போய்விட்டார்கள். நாங்கள் ஒரு பெரிய பயணத்துக்கென்று மூன்று வருடம் சேர்த்தோம். இலக்குக்கு 9,000 பாயின்ட் பாக்கி இருந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்தது, விலை மூன்றில் ஒரு பங்கு ஏறியது. அதன்பின் எங்கள் வீட்டு வழக்கம், பாயின்ட் ஒரு பயணத்துக்கு எட்டினால் அந்த வருடமே செலவழித்துவிடுவது.

வட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பயணத்தில் இருந்தபோதே ஒரு மாத பில் தேதியைத் தவறவிட்டேன். பாக்கித் தொகைக்கு மட்டும்தான் வட்டி என்று நினைத்தால், ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்தே போட்டிருந்தார்கள். பில்லை முழுதாகக் கட்டி முடிக்கும்வரை புதிதாக வாங்கியதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. அந்த ஒரு மாதம் ஏழு மாதப் பாயின்டை விழுங்கியது. மறுநாளே முழுத் தொகையும் தானாகப் போகும்படி வைத்துவிட்டேன். மாதாமாதம் பாக்கி வைப்பவர்களுக்கு இந்த விளையாட்டே வேண்டாம். நமக்கு வரும் பாயின்டின் ஒரு பகுதி கடைக்காரர் கட்டும் கட்டணத்திலிருந்தும், இன்னொரு பகுதி அப்படிப் பாக்கி வைப்பவர்கள் கட்டும் வட்டியிலிருந்தும்தான் வருகிறது.

எட்டு வருடக் கணக்கை ஒரு தாளில் வைத்திருக்கிறேன். ஆண்டுக் கட்டணம், வரி, அந்த வட்டி எல்லாம் கழித்து, கார்டில் செலவழித்ததில் சுமார் 2.1 சதவீதம் பயணமாகத் திரும்பி வந்திருக்கிறது. எந்த யோசனையும் இல்லாமல் 1.5 சதவீதம் பணமாகத் திருப்பித் தரும் கார்டை வைத்திருந்தால் வித்தியாசம் 0.6 தான். இதை மனைவியிடம் காட்டியபோது, “நீங்க ராத்திரி உக்காந்து தேடுன நேரத்துக்கு யாரு பாயின்ட் தர்றது?” என்று கேட்டாள். பதில் இல்லை. எனக்கு இந்தத் தேடல் பிடித்திருக்கிறது என்பதைக் கணக்கில் எழுத முடியாதே.

மூன்று கார்டில் ஒன்றை அடுத்த மாதம் மூடப் போகிறேன், ஆண்டுக் கட்டணத்துக்குத் தகுந்த உபயோகம் இல்லை. மூடினால் அதில் இருக்கும் 18,600 பாயின்டும் போய்விடும் என்பதால், முதலில் அதைக் காலி செய்ய வேண்டும். வரும் விடுமுறைக்கு ஒரு விமானத்தில் மூன்று சீட் மலிவாகத் தெரிகிறது, நான்காவது இன்னும் திறக்கவில்லை. பாயின்டை மாற்றாமல் காத்திருக்கிறேன்.