0427-ஐ அப்படியே படிப்பது எது? பைத்தான் அமைப்புக் கோப்புகள், ஓர் ஒப்பீடு

சேலத்தின் எஸ்டிடி குறியீடு 0427. ஏற்காட்டுக்கு 04281. இந்த இரண்டையும், நிரலுக்கான அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் (YAML) வடிவக் கோப்பு ஒன்றில் மேற்கோள் குறி போடாமல் எழுதி, பைத்தான் நிரல்மொழியின் பையாமல் (PyYAML) நூலகத்தைக் கொண்டு படித்துப் பாருங்கள். ஏற்காடு 04281 என்றே வரும். சேலம் 279 என்று வரும்.

பையாமல் பின்பற்றுவது யாமலின் பழைய 1.1 வரையறையை. அதன்படி, பூஜ்யத்தில் தொடங்கி 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்கள் மட்டுமே கொண்ட எண் எட்டடிமான எண், அதாவது பத்துக்குப் பதில் எட்டை அடியாகக் கொண்டது. நான்கு அறுபத்து நான்கு 256, இரண்டு எட்டு 16, மீதி 7, ஆக 279. ஏற்காட்டுக் குறியீட்டில் 8 இருக்கிறது. எட்டடிமானத்தில் அப்படி ஓர் இலக்கமே கிடையாது என்பதால் அதை எண்ணாக்காமல், எழுதியபடியே எழுத்துச் சரமாக விட்டுவிடுகிறது. மலை தப்பித்தது, ஊர் மாட்டிக்கொண்டது.

ஆத்தூர் சாலையில் ஒரு சேகோ மில்லுக்கு நான் எழுதிக்கொடுத்த ஸ்கிரிப்ட், எடைச்சீட்டில் மில்லின் தொலைபேசி எண்ணுக்கு முன்னால் 279 என்று சில நாட்கள் அச்சடித்துக்கொண்டிருந்தது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கிழங்கு கொண்டுவந்த ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் நம்பர்?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் எந்தக் கோப்பு வடிவத்தைப் பார்த்தாலும் முதலில் 0427 என்று எழுதித்தான் சோதிக்கிறேன்.

அந்த ஸ்கிரிப்டின் வேலை பெரிதல்ல. எடைமேடையிலிருந்து எடையை வாங்கும், தொகையைக் கணக்கிடும், சீட்டு போடும். குச்சிக்கிழங்கில் உள்ள மாவுச்சத்தைப் பாயிண்டாகப் பார்த்து, பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை பேசுவது இங்கே வழக்கம். விலை நிலையாக நிற்காது. ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவைத்தால் விலை மாறும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். அதனால்தான் தனிக் கோப்பு. அதில் முக்கியமான வரிகள் இவை:

எஸ்டிடி = 0427
காலை_நேரம் = 06:30
மாலை_நேரம் = 18:30
கழிவு = 2%

இந்தக் கோப்பைத் திருத்துகிறவர் மில்லின் கணக்குப்பிள்ளை. பல வருடங்களாகப் பேரேடு எழுதுகிறவர். நோட்பேடைத் தவிர வேறு எதையும் திறக்க மாட்டார். அலுவலகக் கணினியில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது; அதில் ஓடும் கடைசி பைத்தான் 3.8. இணைய இணைப்பு கிடையாது. வடிவங்களை ஒப்பிடும் பலர் வேகத்தையும் அழகையும் பார்க்கிறார்கள். நான் இந்த மனிதரையும் இந்தக் கணினியையும் வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

யாமலைத்தான் முதலில் தேர்ந்தெடுத்திருந்தேன். பார்வைக்கு அதைப் போலச் சுத்தமானது இல்லை: அடைப்புக்குறி இல்லை, மேற்கோள் இல்லை, நிரல் கண்டுகொள்ளாத குறிப்பும் எழுதலாம். வினையே அந்த மேற்கோள் இல்லாத இடத்தில்தான். 0427 கதையைச் சொல்லிவிட்டேன். நேரத்தின் கதை இன்னும் மோசம். யாமல் 1.1-இல் முக்காற்புள்ளியால் பிரிந்த எண்கள் அறுபதடிமான எண்கள். 18:30 என்று எழுதினால் பதினெட்டு அறுபதும் முப்பதும் கூட்டி 1110 என்ற முழு எண்ணாகக் கையில் கொடுக்கிறது. ஆனால் 06:30 அப்படி மாறாது, ஏனென்றால் அந்த விதிக்கு முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்கக் கூடாது. காலையில் விலைச் செய்தி முதலாளியின் செல்பேசிக்கு ஒழுங்காகப் போனது. மாலைச் செய்தி மட்டும் போகவே இல்லை. காலையில் ஓடும் அதே நிரல் மாலையில் ஏன் ஓடவில்லை என்று மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன், சிம் கார்டைச் சந்தேகப்பட்டேன். கோப்பைச் சந்தேகப்படவே இல்லை.

இவற்றோடு no என்று எழுதினால் பொய், on என்று எழுதினால் மெய் என்று மாற்றிக்கொள்வது வேறு. நார்வேயின் நாட்டுக் குறியீடு இப்படித்தான் பொய்யாகிப் போகும் என்பது நிரலாளர்களிடையே பழைய நகைச்சுவை. 2009-இல் வந்த 1.2 வரையறை இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிட்டது. பையாமல் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. போனாலும் 1.2-இன்படி 0427 என்பது 427. முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு அங்கேயும் இடமில்லை. யாமலை விடவே மாட்டேன் என்கிறவர்கள், படிப்பதற்கு எப்போதும் சேஃப்_லோட் என்ற செயற்கூற்றையே அழையுங்கள். வெறும் லோட் செயற்கூற்றைப் பாதுகாப்பில்லாத லோடரோடு அழைத்தால், கோப்பில் எழுதிய எதையும் பைத்தான் ஓட்டிவிடக்கூடும்.

அடுத்து ஜேசன் (JSON) வடிவம். 0427-ஐக் கண்டதும் நின்றுவிடுகிறது. முதல் பூஜ்யத்தை ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டு, "இங்கே காற்புள்ளி எங்கே?" என்று கேட்கிறது. கேள்வி தவறுதான், ஆனால் எந்த வரி, எந்த இடம் என்று சொல்லிவிடுகிறது, அது போதும். எனக்கு ஜேசன் பிடிக்கும், கணக்குப்பிள்ளைக்குப் பிடிக்காது. அதில் குறிப்பு எழுத வழி இல்லை. "இந்த வரியைத் தொடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை எழுதிவைக்க முடியாது. கடைசி வரியின் காற்புள்ளியை நீக்க மறந்தால் பிழை. செல்பேசியிலிருந்து நகலெடுத்த வளைந்த மேற்கோள் குறி வந்தாலும் பிழை.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் வேறொன்றில். பேரேடு எழுதுகிறவர்கள் எழுதியதை அழிக்க மாட்டார்கள். புது வரி எழுதுவார்கள். அது அவர்கள் தொழில் தர்மம். கணக்குப்பிள்ளையும் விலை மாறியபோது பழைய வரியை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு பாயிண்ட் விலை வரியைச் சேர்த்தார். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பைத்தானின் ஜேசன் நூலகம் மூச்சுக்கூட விடாமல் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்கிறது. பையாமலும் அப்படியே. புது விலையைக் கீழே எழுதினால் தப்பித்தோம். மேலே எழுதினால் நேற்றைய விலையில் இன்றைய கிழங்குக்குச் சீட்டு போகும்.

ஐஎன்ஐ (INI) வடிவம் கிழவர். பைத்தானோடு கூடவே வரும் கான்ஃபிக்பார்சர் அதைப் படிக்கும். பகுதிப் பெயரைச் சதுர அடைப்பில் போட்டு, கீழே சமக்குறியோடு வரிகளை எழுதினால் முடிந்தது. எல்லா மதிப்பையும் எழுத்துச் சரமாகவே தருகிறது என்பதைப் பலர் இதன் குறையாகச் சொல்வார்கள். என் கண்ணுக்கு அதுதான் இதன் பெரிய குணம். 0427 என்றால் 0427, 18:30 என்றால் 18:30. எனக்கு எண் வேண்டுமானால் கெட்இன்ட் என்று நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஆம், இல்லை என்ற மதிப்புக்குக் கெட்பூலியன். அதை மறந்து பைத்தானின் பூல் செயற்கூற்றைப் போட்டால், "False" என்ற சரமும் மெய்யாகிவிடும். காலியாக இல்லாத சரம் எதுவானாலும் அதற்கு மெய்தான்.

கிழவருக்கும் சில கிறுக்குகள் உண்டு. கழிவு = 2% என்ற வரி அவற்றில் ஒன்றைக் கிளப்பிவிட்டது. விழுக்காட்டுக் குறியைக் கான்ஃபிக்பார்சர் இன்னொரு மதிப்பை அங்கே கொண்டுவந்து பொருத்தும் குறியாக எடுத்துக்கொள்கிறது. கோப்பைப் படிக்கும்போது பேசாமல் இருந்துவிட்டு, அந்த மதிப்பைக் கேட்கும்போதுதான் பிழை எழுப்புகிறது. அதாவது, லாரி எடைமேடையில் ஏறி நின்ற பிறகு. பார்சரை உருவாக்கும்போதே இன்டர்போலேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று: கோப்பே இல்லாவிட்டாலும் ரீட் செயற்கூறு குறை சொல்லாது, படிக்க முடிந்த கோப்புகளின் பட்டியலைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அந்தப் பட்டியல் காலியா என்று நாம்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது: வரியின் நடுவில் அரைப்புள்ளி போட்டுக் குறிப்பு எழுதினால், குறிப்பும் மதிப்போடு சேர்ந்து வந்துவிடும். குறிப்புக்குத் தனி வரி வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு நான்காவதாக ஒன்று இருக்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் குறியாக்கம் எது என்று சொல்லாமல் விட்டால், ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸில் பைத்தான் 3.8 கோப்பை சிபி1252 என்ற ஐரோப்பிய எழுத்து அட்டவணையில் எழுதியது என்று எண்ணிப் படிக்கும். தமிழையும் எழுதவல்ல யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் நம் மெய்யெழுத்தின் புள்ளி மூன்று பைட்டுகள். மூன்றாவது பைட், பதினாறடிமானத்தில் 8டி. சிபி1252 அட்டவணையில் அந்தக் கட்டம் காலி. ஆகவே "சேலம்" என்று எழுதினால் கடைசிப் புள்ளியில் தடுக்கி விழும். "ஏற்காடு" முதல் எழுத்திலேயே விழும். ஏகாரத்தின் கடைசி பைட் 8எஃப், அதுவும் காலிக் கட்டம். "ஆலை" மட்டும் விழாமல் போய், ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகச் சீட்டில் அச்சாகும். விழுவதே மேல். விண்டோஸ் 7-இன் நோட்பேட் யூடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது கோப்பின் தலையில் பாம் என்ற அடையாளத்தையும் ஒட்டிவிடுகிறது. அதனால் யூடிஎஃப்-8-சிக் என்று குறியாக்கத்தைக் கொடுங்கள். அடையாளம் இருந்தாலும் படிக்கும், இல்லாவிட்டாலும் படிக்கும்.

டாமல் (TOML) வடிவத்தைப் பற்றி நல்ல வார்த்தைதான் சொல்ல வேண்டும். டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2013-இல் தொடங்கியது, 2021-இல் 1.0 வந்தது, 2022-இல் வெளியான பைத்தான் 3.11 முதல் டாமல்லிப் என்ற பெயரில் கூடவே வருகிறது. 0427-ஐ மேற்கோள் இல்லாமல் எழுதினால் ஏற்காது, 18:30-ஐயும் 1.0 ஏற்காது, விநாடியையும் சேர்த்து 18:30:00 என்று எழுதச் சொல்லும், எழுதினால் நேரமாகவே கையில் கொடுக்கும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பிழை. கோப்பை எழுத்தாக இல்லாமல் பைனரியாகத்தான், அதாவது வெறும் பைட்டுகளாகத்தான், திறக்க வேண்டும் என்பது முதலில் எரிச்சலூட்டியது; குறியாக்கம் எப்போதும் யூடிஎஃப்-8 ஆகவே இருப்பதற்காகத்தான் அந்தக் கட்டாயம் என்று புரிந்ததும் சமாதானமானேன். தமிழில் பெயர் வைத்தால் அதை மேற்கோளுக்குள் போட வேண்டும், அது ஒரு சிறு மனக்குறை. டாமல்லிப் படிக்க மட்டும் செய்யும், எழுதாது. புதிய கணினியில் புதிதாகத் தொடங்கும் எந்த வேலைக்கும் இப்போது இதைத்தான் எடுக்கிறேன். மில்லில் இருப்பது 3.8, அங்கே இது கிடையாது.

அமைப்புகளை ஒரு பைத்தான் கோப்பிலேயே எழுதி இம்போர்ட் செய்யும் வழியும் உண்டு. இணையதளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ செய்வது அதுதான். 0427, 18:30, 2% மூன்றையும் மேற்கோள் இல்லாமல் எழுதினால் மூன்றுமே இலக்கணப் பிழை. எழுதுகிறவரும் படிக்கிறவரும் நிரலாளராக இருந்தால் இதற்கு மேல் வசதி இல்லை. கணக்குப்பிள்ளையிடம் இதைக் கொடுப்பது, மில்லின் சாவிக்கொத்தையே கொடுப்பதற்குச் சமம்.

மீதியிருப்பது சூழல் மாறிகள்: கோப்பில் இல்லாமல், நிரல் தொடங்கும்போது இயங்குதளம் அதனிடம் கொடுக்கும் பெயரும் மதிப்பும். கடவுச்சொல்லுக்கு இதை விட்டால் நல்ல இடம் இல்லை. நிரலைச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் கடவுச்சொல் போய்ச் சேராது. மதிப்பெல்லாம் சரம் என்பதால் 0427 பத்திரம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மழைமானியோடு இணைத்த ராஸ்பெரி பை கணினிக்கு இந்த வழியைத்தான் பயன்படுத்தினேன். சர்வர் முகவரியையும் கடவுச்சொல்லையும், நாம் முனையத்தைத் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவைத்தேன். கையால் ஓட்டியபோது எல்லாம் சரியாக நடந்தது. ஒரு மழை இரவில் மின்சாரம் போய்த் திரும்ப வந்தது. கணினி மீண்டும் எழுந்தது. இம்முறை ஸ்கிரிப்டைத் தொடங்கியது, வேலைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் கிரான். கிரான் பாஷ்ஆர்சியைப் படிக்காது. மாறி இல்லாவிட்டால் மாற்று மதிப்பை எடுத்துக்கொள் என்று நானே எழுதியிருந்தேன். அந்த மாற்று மதிப்பு, சோதனைக்காக வைத்திருந்த ஒரு கோப்புறை. பதினொரு நாள் மழை அந்தக் கோப்புறையில் பெய்துகொண்டிருந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போய் ஒரே ஒரு வரியை மாற்றினேன்: சூழல் மாறிகளைத் தரும் என்விரானிலிருந்து கெட் போட்டு வாங்குவதை நீக்கி, நேரடியாகச் சதுர அடைப்பில் பெயரைக் கொடுத்தேன். மாறி இல்லையென்றால் இப்போது அது தொடங்கவே தொடங்காது.

மில்லில் ஐஎன்ஐதான் நிலைத்தது. இன்டர்போலேஷனை நிறுத்தி, யூடிஎஃப்-8-சிக் கொடுத்து, கான்ஃபிக்பார்சர் எழுப்பும் பிழைகளைப் பிடித்து, வரி எண்ணோடு தமிழில் திரையில் காட்டும்படி செய்திருக்கிறேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அது எந்த வரி, எந்தப் பெயர் என்பதை அந்தப் பிழையே சுமந்துவரும். அதற்காகத் தனியாக எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் காலையில் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்.

"தம்பி, ஒன்பதாவது வரியில் பாயிண்ட் விலை இரண்டாவது முறை வந்திருக்கிறதாம். சீட்டு போட மாட்டேன் என்கிறது."

"இன்றைய விலை எந்த வரியில் இருக்கிறது, அண்ணா?"

"ஒன்பதில்தான். மேலே இருப்பது நேற்றையது."

"நேற்றைய வரியின் முன்னால் ஓர் அரைப்புள்ளி வையுங்கள். அழிக்க வேண்டாம்."

"அழிக்க வேண்டாமா? அப்படியானால் சரி," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.