அடுப்பில்லாத சமையலும் அலைபாயும் மனமும்: ஏற்காட்டுச் சமைக்காத உணவு முகாம் ஒன்றின் மதிப்புரை

சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, அடுப்பே மூட்டாமல் விருந்தினரைத் தங்கவைத்து உணவளிக்கும் முகாம் ஒன்றில் கார்த்திகை மாதத்தில் சில நாள் தங்கியிருந்தேன். இதே மாதிரியில் நடக்கும் முகாம்கள் வேறு ஊர்களிலும் இருப்பதாலும், நான் சொல்லப்போகும் குறை ஓரிடத்தோடு முடிவதல்ல என்பதாலும், இடத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். சமைக்காத உணவு உடலைச் சுத்தப்படுத்தும் என்பதோடு இவர்கள் நிற்பதில்லை. சமைத்த உணவு மனத்தை மந்தமாக்கி உணர்வுகளை அடைத்து வைக்கிறது என்றும், பச்சையாக உண்ணத் தொடங்கினால் அந்த அடைப்பு நீங்கி மனம் நுண்மை பெறும் என்றும், அதன் பிறகு காலூன்றி நிற்கும் நிதானம் தானே வந்து சேரும் என்றும் அறிமுகத் தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். உணவைப் பற்றி எனக்கு நல்லதே சொல்லத் தோன்றுகிறது. அந்த உறுதிமொழியைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் தட்டு. காலையில் அருகம்புல் சாறோ வெண்பூசணிச் சாறோ ஒரு குவளை. சற்று நேரம் கழித்துக் கொய்யா, மலைவாழை, பப்பாளி, பருவத்துக்கு ஏற்ற மலை ஆரஞ்சு. நண்பகலில் முளைகட்டிய பச்சைப்பயற்றில் தேங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் கலந்தது, மாங்காயும் வெள்ளரியும் சேர்ந்த பச்சடி, ஊறவைத்த நிலக்கடலை, பேரீச்சம்பழத்தோடு இடித்த எள்ளுருண்டை. பட்டர் ஃப்ரூட் கிடைக்கும் மாதங்களில் அதையும் தருவார்களாம். இரவில் பழமும் தேங்காய்ப் பாலும் மட்டும். பொருள்களின் தரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பயறு மூன்றாம் நாள் வாடையடிக்காமல், வால் நீளாமல், சரியான பக்குவத்தில் வந்தது. தேங்காயை உடைத்த உடனே துருவினார்கள். காய்களை நறுக்கும் பலகை, கத்தி, தண்ணீர் ஆகியவற்றில் அவர்கள் காட்டும் கவனத்தை நேரில் பார்த்தேன். சமைக்காத உணவில் அந்தக் கவனம் உயிர்நாடி. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாகப் பரவிய ஈ.கோலை என்னும் கிருமி தந்த நோயால் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். முளைப்பயிறு வளரும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி வளர்வதற்கும் ஏற்றவை என்பதால், இந்த முகாமின் தூய்மைக்குத் தனியாகவே பாராட்டுத் தர வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்குப் பச்சைக் காய் புதிதும் அல்ல. தட்டுவடை செட்டில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் இல்லாவிட்டால் யார் அதைத் தொடுவார்கள்? ஆனால் அங்கே காரச் சட்னியும் எண்ணெயில் பொரித்த தட்டையும் கூடவே இருக்கின்றன. எதைப் பச்சையாக உண்பது, எதை வேகவைத்தே உண்பது என்ற அறிவும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக்கிழங்கில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருப்பதால் அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்பது கிராமத்துக் குழந்தைக்கும் சொல்லித் தரப்படுகிறது. முகாமில் ஒருநாள் சிற்றுண்டியாக அவலும் நாட்டுச்சர்க்கரையும் தந்தார்கள். நெல்லை ஊறவைத்து, சூடாக்கி, இடித்துத்தான் அவல் வருகிறது. கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சித்தான் சர்க்கரை வருகிறது. அன்று எல்லோரும் மனநிறைவோடு உண்டதைப் பார்த்தபோது, தீயை முற்றிலும் ஒதுக்குவதில் இந்த முகாமே உறுதியாக இல்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இனி மனத்துக்கு வருகிறேன். வந்த மறுநாளே பலருக்குத் தலைவலி கண்டது. சிறு சொல்லுக்கும் எரிச்சல், காரணமில்லாத கண்ணீர், பழைய நினைவுகள் திடீரென்று மேலெழுதல் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. எனக்கும் வந்தன. நடத்துநர் இதை எதிர்பார்த்தவராகவே, “நச்சு வெளிய போகுதுங்க, மனசுல இருக்கறதும் அதோட சேந்து போகும், தடுக்காதீங்க” என்று அனைவருக்கும் ஆறுதல் கூறினார். அவருடைய அன்பில் எனக்கு ஐயமில்லை, விளக்கத்தில்தான் இருக்கிறது. நாங்கள் தங்கியிருந்த மலைக்கு, சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்தார். கார்த்திகையில் அதன் பழம் சிவந்து பறிப்புக்கு வந்திருக்கும். அந்தத் தோட்டத்துக்குள்ளேயே நாள்தோறும் காப்பி குடித்துப் பழகியவர்களுக்கு ஒரே நாளில் காப்பி நிறுத்தப்படுகிறது. காஃபின் நின்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை தொடங்கி, இரண்டொரு நாளில் உச்சத்தை அடைந்து, ஒரு வாரம் வரை நீடிக்கலாம் என்பது மருத்துவம் நன்கு அறிந்த ஒன்று. வருவதற்கு முன்பே காப்பியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பதிவு செய்யும்போதே ஒரு வரி சொல்லியிருந்தால், பாதிப் பேருடைய ‘நச்சு’ ஏற்காடு வந்து சேர்ந்திருக்காது.

மீதிப் பாதிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கிலோகலோரியும் ஆணுக்கு 2,110 கிலோகலோரியும் தேவைப்படும். நூறு கிராம் பப்பாளியில் ஏறத்தாழ 40தான் இருக்கிறது. வெள்ளரிக்காயில் 15ஐச் சுற்றி. பப்பாளியை மட்டும் உண்டு ஒரு பெண் தன் தேவையை நிறைவு செய்ய நான்கு கிலோ உண்ண வேண்டும். தேங்காயும் கடலையும் எள்ளும்தான் இந்த உணவில் ஆற்றல் தருபவை; முகாமிலோ அவற்றை ‘கனமானவை’ என்று கைப்பிடி அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். வயிறு நிரம்பியிருக்கும், உடல் பட்டினி கிடக்கும். அந்தப் பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு, 1944இலும் 1945இலும் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வு சான்றாக நிற்கிறது. உடலும் மனமும் நலமாயிருந்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்து, ஆறு மாத காலம் தங்கள் தேவையில் பாதியளவு உணவோடு, அதாவது சுமார் 1,570 கிலோகலோரியோடு வாழ்ந்தார்கள். அவர்கள் எளிதில் புண்பட்டார்கள், எரிந்து விழுந்தார்கள், மனம் சோர்ந்தார்கள், எந்நேரமும் குளிருகிறது என்றார்கள், உணவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உண்டது சமைத்த உணவு. ஆகவே அந்த நொய்ம்மை பச்சைக் காய்க்கு மட்டும் உரியதல்ல. உடலுக்குப் போதாதபோது மனம் தோல் உரிந்ததைப் போல ஆகிவிடுகிறது. சில நாள் முகாமில் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், திசை அதுவே.

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்த்திகை மழையில் மாலை ஆறு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். அந்நேரத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த பப்பாளியைக் கையில் வாங்கும்போது உடல் உள்ளுக்குள் சுருங்குவதை உணர முடிகிறது. இதே மலையில் தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் ராகிக் களியையும் சாமைச் சோற்றையும் சுடச்சுட உண்பவர்கள். சித்த மருத்துவத்தில் குளிர்ந்ததும் உலர்ந்ததும் எளிதில் செரிக்காததுமான உணவு வாதத்தைக் கூட்டும் என்பார்கள். வாதம் மிகும்போது உறக்கம் கெடும், மனம் ஓரிடத்தில் நில்லாது என்பதும் அதே மரபின் பேச்சு. சுக்கும் மிளகும் திப்பிலியும் நம் சமையலறையில் எதற்காக இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தால், சமைக்காத உணவை விரும்பும் ஒருவர்கூட இரவில் ஒரு குவளை சுக்கு வெந்நீரை மறுக்க மாட்டார். உப்பையும் இங்கே ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிடுகிறார்கள். உப்பும் உணவும் ஒருசேரக் குறைந்தால் சிலருக்கு எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை கிறுகிறுக்கும். மிதப்பது போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னபோது, அதை உயர்ந்த நிலையின் அடையாளமாக எடுத்துக்கொண்டு மற்றவர்கள் வாழ்த்தியது எனக்குக் கவலையளித்தது.

என்னை இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியவர் பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒரு பெரியவர். கணவரை இழந்து ஓராண்டு நிறையாதவர். மகள் பணம் கட்டி அனுப்பியிருந்தார். பகலில் எல்லோரோடும் நன்றாகப் பேசுவார், இரவில் உறக்கமின்றித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார். “வீட்டுல இருந்தா ஒரு வாய் சுடு சோறு தின்னுட்டுப் படுத்துருவேன் கண்ணு. இங்க வயித்துல ஒண்ணுமில்லாத மாதிரியே இருக்குது, நெனப்பு பூரா அவருகிட்டயே போகுது” என்றார். மறுநாள் அவருடைய அழுகையும் ‘வெளியேற்றம்’ என்றே விளக்கப்பட்டது. துயரம் வெளியே வருவது நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வரும்போது அதைத் தாங்கும் வலு உடலில் இருக்க வேண்டும், அருகில் கேட்டறிந்து பேசத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். இங்கே மனநல ஆலோசகர் என்று எவரும் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் சர்க்கரை நோய் பற்றிக் கேட்கிறார்கள். அண்மையில் ஏற்பட்ட இழப்பைப் பற்றியோ, மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்வதைப் பற்றியோ, உணவை வெறுத்து ஒதுக்கும் நோய் முன்பு இருந்ததா என்பதைப் பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. மனத்தைத் திறப்பதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் இடத்தில் இது பெருங்குறை.

அதே நேரத்தில், நிதானம் தரும் சில ஏற்பாடுகள் உண்மையாகவே இங்கு இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விடுவது அநியாயம். தரையில் அமர்ந்து, வாழையிலையில், பேசாமல் உண்ண வேண்டும். பச்சைக் கடலையையும் முளைப்பயிற்றையும் அவசரமாக விழுங்க முடியாது. ஒவ்வொரு வாயையும் நெடுநேரம் மென்றாக வேண்டியிருப்பதால், உண்பதில் கவனம் தானாகக் குவிகிறது. கைப்பேசியை வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விடியலில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே வெறுங்காலோடு நடக்கச் சொல்கிறார்கள். பறவைகளின் ஒலியும், இலையில் விழும் தூறலின் ஒலியும், தொலைவில் தோட்டத் தொழிலாளரின் பேச்சும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்கு இந்த அமைதியே காரணம் என்று நினைக்கிறேன். ஊருக்குத் திரும்பி வந்து, இட்லி சாம்பாரோடு அதே ஒழுங்கைக் கடைப்பிடித்துப் பார்த்தேன்: பேசாமல், மெதுவாக, கைப்பேசி இல்லாமல். அந்தத் தெளிவில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது, நடுக்கம் மட்டும் இல்லை.

முகாமின் கூடத்தில் காந்தியின் படம் இருக்கிறது. அவர் சமைக்காத உணவைச் சோதித்தவர் என்பது உண்மை. 1893இல் பிரிட்டோரியாவிலும், பின்னர் 1929இலும். இரண்டாம் முறை முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன் என்று எடையிட்டு உண்டு, அதன் விளைவுகளைத் தாம் நடத்திய ‘யங் இந்தியா’ இதழில் வெளிப்படையாக எழுதினார். இரு சோதனைகளையும் அவர் கைவிட்டார் என்பதும், இரண்டாவதை வயிற்றுக்கடுப்புக்குப் பின் நிறுத்தினார் என்பதும் அந்தப் படத்தின் கீழே எழுதப்பட வேண்டியவை. உடல் சொன்னதைக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்ட அவருடைய நேர்மைதான் இந்த முகாமுக்கு வருகிறவர்களுக்கு மிகவும் தேவையான பாடம்.

சிலர் வீட்டுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் இப்படியே தொடரப்போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். ஜெர்மனியில் நீண்ட காலம் சமைக்காத உணவை உண்டவர்களிடம் நடந்த ஆய்வுகள் 1999இலும் 2005இலும் வெளிவந்தன. முதலாவதில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஒழுங்கற்றுப்போயோ நின்றோ இருந்தது. இரண்டாவதில், அவர்களின் இரத்தக் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தபோதும், 38 விழுக்காட்டினருக்குப் பி12 வைட்டமின் குறைபாடு காணப்பட்டது. தாவர உணவு மட்டுமே உண்பவருக்குப் பி12 வேறு வழியில் கிடைத்தாக வேண்டும். கல்லீரலில் இருப்பு இருக்கும் வரை சில ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பிறகு எரிச்சல், மறதி, மனச்சோர்வு, பாதங்களில் மரத்துப்போதல், தரையில் கால் சரியாகப் பதியாதது போன்ற தள்ளாட்டம் ஆகியவை தோன்றலாம். இவற்றையும் ‘நுண்மை’ என்று எண்ணிக் காலம் கடத்தினால் நரம்புகளுக்கு நிலையான கேடு நேரும். மாத்திரை மலிவானது, இரத்தப் பரிசோதனை எளிது.

நடைமுறைச் செய்திகள் சில. அறைகள் எளியவை, தூய்மையானவை. கம்பளி ஒன்றுதான் தருகிறார்கள், இன்னொன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டியிருப்பதால் வெறும் வயிற்றோடு பேருந்தில் ஏறாதீர்கள். கருவுற்றோர், வளரும் பிள்ளைகள், இன்சுலின் போட்டுக்கொள்வோர், அண்மையில் துயருற்றோர் இந்த முகாமை இப்போதுள்ள நிலையில் தவிர்க்கலாம். மற்றவர்கள் பங்குனிக்குப் பின், குளிர் விட்டு, சமவெளியில் மல்கோவா வரத் தொடங்கும் வேளையில், இரண்டு மூன்று நாளுக்கு மேற்படாமல் போய் வரலாம். கடலையையும் தேங்காயையும் இரட்டிப்பாகக் கேளுங்கள், கேட்டால் மறுக்காமல் தருகிறார்கள். இரவில் சுக்கு வெந்நீரும் ஒரு கிண்ணம் பாசிப்பருப்புக் கஞ்சியும் விரும்புவோருக்குத் தர வேண்டும் என்று கருத்துப் புத்தகத்தில் எழுதி வந்திருக்கிறேன். நடத்துநர் அதைப் படித்துவிட்டு, படிவத்தில் கேள்விகளைச் சேர்ப்பதற்கு உடனே ஒப்புக்கொண்டார். கஞ்சியைப் பற்றி யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.