குழந்தைப்பருவம் படித்த பட்டம்: 27,750 பவுண்ஸுக்கு என்ன கிடைத்தது?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். கோயிலில் கண்டாலும் கல்யாண வீட்டில் கண்டாலும் சனம் என்னிடம் கேட்பது அதைத்தான். வருடத்துக்கு 9,250 பவுண்ஸ், மூன்று வருடத்துக்கு 27,750. 2021 செப்டெம்பரில் தொடங்கி 2024 கோடையில் முடித்தேன். பாடம் ஏர்லி சைல்ட்ஹுட் ஸ்டடீஸ். பிறந்ததிலிருந்து எட்டு வயது வரையான பிள்ளைகளைப் பற்றிய பி.ஏ. பட்டம். லண்டனில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

சேரும்போது எனக்கு வயது 37. அதற்கு முன் ஆறு வருடம் ஒரு நேர்சரியில் லெவல் 2, அதாவது கீழ்ப்படித் தகுதியுள்ள உதவியாளராக இருந்தேன். நப்பி மாற்றுவது, பழம் வெட்டுவது, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடியில் நின்று பஸ் காட்டுவது. ஊரில் பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவள் நான். அதனால் கம்பஸுக்கு முன் உள்ளூர்க் கல்லூரி ஒன்றில், பள்ளித் தகுதி போதாதவர்களைக் கம்பஸுக்குத் தயார்படுத்தும் அக்செஸ் கோர்ஸ் ஒரு வருடம் செய்தேன். அதற்கும் லோன் எடுக்கலாம். பிறகு பட்டத்தை முடித்தால் அந்த அக்செஸ் லோனைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். எனக்கு இதைச் சொன்னது கூடப் படித்த ஒரு சோமாலிய அக்கா.

முதல் வருடம் எனக்குப் பெரிய ஏமாற்றம். கடிக்கிற பிள்ளையை என்ன செய்வது, பேசாத பிள்ளையை எப்படிப் பேச வைப்பது என்று சொல்லித் தருவார்கள் என்று போனால், குழந்தைப்பருவம் என்று ஒன்று உண்டா என்று கேட்கிறார்கள். பிலிப் அரியேஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாளர் 1960இல் ஒரு வாதத்தை வைத்தார். நடுக்கால ஐரோப்பாவில் குழந்தைப்பருவம் என்ற எண்ணமே இல்லை, ஓவியங்களில் பிள்ளைகளைச் சின்னப் பெரியவர்கள் போலத்தான் வரைந்தார்கள் என்று. பின்னால் வந்தவர்கள் அதை நிறையவே மறுத்திருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டு பக்கத்தையும் வாசிக்கத் தந்தார்கள்.

எனக்கு அந்த வாரம் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வந்தது. பள்ளியில் தமிழ் ரீச்சர் பருவங்களை வரிசையாக மனப்பாடம் பண்ண வைத்தவர். மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி, பதின்மூன்றில் வருகை என்று இருபத்தொன்றாம் மாதம் வரை பத்துப் பருவம். கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆட்டுவது, கை தட்டுவது, தளர்நடை. நேர்சரிச் சுவரில் ஒட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணையும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். அந்தப் பாடத்தின் ஒப்படையை (அசைன்மென்ற்) இதை வைத்து எழுதினேன். விரிவுரையாளர் ஓரத்தில், "இதை நான் எங்கே வாசிக்கலாம்?" என்று எழுதியிருந்தார். ஆனால் போட்டது 68. எழுபது வந்திருந்தால் முதல் வகுப்பு. மேற்கோள் காட்டும் முறையில் பிழையாம். சரி, போகட்டும்.

இந்தப் பட்டத்தில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது எது என்று கேட்டால் பிளேஸ்மென்ற், அதாவது வேலையிடப் பயிற்சி என்பேன். எங்கள் கோர்ஸில் மூன்று வருடத்துக்கும் சேர்த்து 80 நாள்: நேர்சரி ஒன்றின் இரண்டு வயது அறை, பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷன் ஒன்று, விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பிரிவு ஒன்று. போவதற்கு முன் டி.பி.எஸ். என்ற குற்றப்பதிவுச் சோதனை. அப்புறம் கையில் ஒரு கொப்பியைத் தந்து, பிள்ளையைப் பார், பார்த்ததை மட்டும் எழுது என்றார்கள். "அடம் பிடித்தான்" என்று எழுதினால் அடித்துவிடுவார்கள். அவன் என்ன செய்தான்? கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் கதவையே பார்த்தான். அப்படி எழுத வேண்டும். ஆறு வருடம் வேலை செய்தவளுக்கு இது பெரிய அடி. நான் அத்தனை நாளும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, சமாளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ஒரு நாள் மதியம், முள்ளுக்கரண்டியைத் தொடாத ஒரு மூன்று வயதுப் பிள்ளை. பதிவேட்டில் "கரண்டி பாவிக்கத் தெரியாது, கை நுண்ணசைவு பின்தங்கல்" என்ற மாதிரி ஒரு குறிப்பு. நான் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து எழுதினேன். சோற்றை ஐந்து விரலால் கூட்டி, பட்டாணியை மட்டும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தை உருட்டி வாயில் போட்டது அந்தப் பிள்ளை. இதைவிட நுண்ணசைவு வேறு என்ன இருக்கிறது? என் குறிப்பை வாசித்த அறைத்தலைவி சிரித்துவிட்டு, பதிவேட்டில் அந்த வரியைத் திருத்தினார்.

இரண்டாம் வருடத்தில் பிள்ளைப் பாதுகாப்புப் பாடம். விக்டோரியா கிளிம்பியேயின் கதையை அதில்தான் முழுதாகப் படித்தேன். ஐவரி கோஸ்ட்டிலிருந்து உறவினர் ஒருவருடன் வந்த எட்டு வயதுப் பிள்ளை. 2000 பெப்ரவரியில் லண்டனில் சித்திரவதைப்பட்டு இறந்தாள். லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003இல் வந்தது. அவளைக் காப்பாற்ற அதிகாரிகளுக்குப் பன்னிரண்டு சந்தர்ப்பமாவது இருந்தது என்கிறது அது. எனக்கு நெஞ்சில் நின்றது வேறு ஒன்று. வீட்டாருக்கு முன் அந்தப் பிள்ளை விறைத்து நின்றதைக் கண்ட சமூகசேவகி, அது அவர்கள் கலாசாரத்தில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டாராம். அன்று ரெயினில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனை. எங்கள் வீடுகளிலும் பிள்ளை கைகட்டி நின்றால் "நல்ல வளர்ப்பு" என்கிறோம். எது மரியாதை, எது பயம் என்று வெளியில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அந்த விரிவுரை ஒன்றுக்காக மட்டும் விரிவுரையாளருக்குக் கும்பிடு போடலாம்.

கூட்டு ஒப்படைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்து பேரில் இரண்டு பேர் வேலை செய்வார்கள்.

இனிக் குறை. சேர யோசிப்பவர்களுக்குக் கம்பஸைக் காட்டும் திறப்பு நாளில் மேசை போட்டு இருந்த பெண்ணிடம், "இதை முடித்தால் நான் ரீச்சர் ஆகலாமா?" என்று நேராகவே கேட்டேன். "ஓம், நிச்சயமாக" என்று சொல்லி ஒரு துணிப்பையும் தந்தார். என்னிடம் இருந்தது ஆங்கிலத்தில் ஜி.சி.எஸ்.இ. (இங்கே பதினாறு வயதில் எழுதும் பள்ளிப் பரீட்சை), கணிதத்தில் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்ற நடைமுறைக் கணிதச் சான்றிதழ். பட்டத்தில் சேர அது போதும். ஆரம்பப் பள்ளி ரீச்சர் பயிற்சிக்குப் போதாது. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் மூன்றிலும் ஜி.சி.எஸ்.இ.யில் தரம் 4 அல்லது அதற்குச் சமமான ஒன்று வேண்டும். இதை நான் அறிந்தது மூன்றாம் வருடம் பெப்ரவரியில், விண்ணப்பம் நிரப்பும்போது. இ.வை.ரி.எஸ். என்று இன்னொரு ரீச்சர் தகுதி இருக்கிறது (ஏர்லி இயர்ஸ் ரீச்சர் ஸ்டேட்டஸ்), ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்க. அதற்கும் இதே மூன்று பாடம். அதை எடுத்தாலும் அது பள்ளி ரீச்சர்களின் தகுதியான கியூ.ரி.எஸ்.ஸுக்குச் சமம் இல்லை. பெயரில் ரீச்சர் என்று இருந்தாலும் அரசுப் பள்ளியின் நேர்சரி வகுப்பில் தகுதி பெற்ற ரீச்சராக உங்களை எடுக்க மாட்டார்கள். மேசைக்காரப் பெண்ணைக் குறை சொல்லியும் பயனில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. மூன்று வருடமும் கம்பஸில் இருந்த மாணவர் வழிகாட்டல் அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேருவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். இந்தப் பட்டம் "ஃபுல் அண்ட் ரெலவன்ட்", அதாவது நேர்சரி வேலைக்கு முழுத் தகுதியாக ஏற்கப்பட்டது தானா? நேர்சரியில் நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்த்து மதிப்பிடும் பகுதி பட்டத்துக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒரு ஊழியருக்கு எத்தனை பிள்ளை என்ற விகிதக் கணக்கில், பட்டத்தை மட்டும் வைத்து உங்களை லெவல் 3 ஊழியராக எண்ண முடியாது. குழந்தைப்பருவம் என்று பெயர் வைத்த எல்லாப் பட்டமும் ஒன்றில்லை. சிலது முழுக்கப் புத்தகம்தான். எங்களுடையதில் அது இருந்தது, தப்பினேன். முதலுதவிச் சான்றிதழ், பன்னிரண்டு மணித்தியாலப் பயிற்சி, நானே காசு கட்டி எடுத்தேன்.

விகிதம் என்றதும் ஒன்று. 2023 செப்டெம்பரிலிருந்து இங்கிலாந்தில் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, ஒரு ஊழியருக்கு நான்கு பேர் என்றிருந்ததை ஐந்து வரை போகலாம் என்று மாற்றினார்கள். அந்த வருடம் நான் இரண்டு வயது அறையில் பிளேஸ்மென்ற். வகுப்பில் உட்கார்ந்து கொள்கை என்று விவாதித்தோம். அறையில் அது எப்படி இருக்கும் என்றால், ஒருத்திக்கு நப்பி மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள், ஒருவன் அலுமாரியில் ஏறுகிறான், இரண்டு பேர் ஒரே லொறிக்குச் சண்டை, ஒருத்தி நித்திரை தூங்கி விழுகிறாள், ஐந்தாவது பிள்ளை எங்கே?

சம்பளம். 2025இல் அதே இரண்டு வயது அறையில் லெவல் 3 ஆக மணிக்கு 12.90. அந்த வருடம் ஏப்ரலில் சட்டப்படியான குறைந்த சம்பளமே 12.21 ஆகியிருந்தது. கணக்குப் பார்த்தால் 27,750 பவுண்ஸின் விளைச்சல் மணிக்கு 69 பென்ஸ். ஒரு ஆறுதல் உண்டு, அதுவும் விசித்திரமான ஆறுதல். என் வகைப் படிப்பு லோனுக்கு 2025-26இல் வருடம் 28,470 பவுண்ஸுக்கு மேல் உழைத்தால்தான் கட்டத் தொடங்க வேண்டியிருந்தது. நாற்பது மணித்தியாலம் வேலை செய்தும் நான் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். இன்னும் ஒரு சதம் கட்டவில்லை; வட்டி மட்டும் ஏறுகிறது. முப்பது வருடத்தில் மிச்சத்தை அழித்துவிடுவார்கள். எனக்கு அப்போது 71.

மதிப்பெண் போடச் சொன்னால் பிளேஸ்மென்ற்றுக்கு ஐந்துக்கு ஐந்து. விரிவுரைகளுக்கு நான்கு. வழிகாட்டலுக்கு ஒன்று, அதுவும் துணிப்பைக்காக. இன்றும் மரக்கறி வாங்க அதைத்தான் கொண்டு போகிறேன். ரீச்சர் ஆவதுதான் நோக்கம் என்றால் முதலில் மூன்று ஜி.சி.எஸ்.இ.யையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். நேர்சரியிலேயே நிற்பது என்றால் லெவல் 3 டிப்ளோமா கெதியாக முடியும், செலவும் குறைவு. பிள்ளைகளைப் பார்க்கப் பழக வேண்டும் என்றால் பட்டம்.

கணிதத்தில் 5 எடுத்துவிட்டேன். விஞ்ஞானம் மிச்சம். மகளுக்கும் இந்த வருடம் அதே பரீட்சை. நான் எழுதிய விடைகளை அவள் திருத்துகிறாள், கண்டிப்பான ரீச்சர்.